வில்லின் மேல்பூச்சு கெட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை ஒட்டிய தோட்டத்துச் சாளையில் நான் வில் செதுக்குகிறேன். பிழைப்பு தென்னையிலும் மாட்டிலும்தான். வில் செதுக்குவது பொழுது சாய்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும் பைத்தியம். ஐப்பசி மழை இறங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு வரும்: "அண்ணா, வில்லுக்கு எந்த வார்னிஷ் நல்லது?" பதிலுக்கு நானும் ஒன்றுதான் கேட்பேன்: "இப்போது என்ன பூசியிருக்கிறீர்கள், அதற்கு என்ன ஆயிற்று?"

பூச்சைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளைவிட, மரம் காயும் முன் பூசுவதிலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தாததைப் பூசுவதிலும் நடக்கும் தவறுகள் அதிகம். பழி மட்டும் டப்பாவின்மேல் விழும். அதனால் இங்கே பூச்சின் பெயரிலிருந்து தொடங்காமல், கண்ணுக்குத் தெரியும் கேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. எந்தப் பூச்சும் ஈரத்தை அடியோடு நிறுத்தாது. உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாகவே நீடித்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 6 சதவீத ஈரம் நிற்கும். 65 சதவீதக் காற்றில் அது 12 ஆகும், 80 சதவீதத்தில் 16. வில்லுக்குச் சுகமான இடம் 8 முதல் 10 வரை. அதற்குக் கீழே வெகுவாக இறங்கினால் மரம் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். மேலே ஏறினால் சோம்பிக் கூன் விழும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் மரம் முதல் ஓரத்துக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மறு ஓரத்துக்கும் இழுக்கப்படுகிறது. பூச்சின் வேலை இந்த ஊசலாட்டத்தை மெதுவாக்குவது. கூடவே, மரம் வளையும்போதெல்லாம் தானும் வளைய வேண்டும். நாற்காலிக்கும் கதவுக்கும் இந்த இரண்டாவது வேலை கிடையாது. தச்சுப் பட்டறையில் பெயரெடுத்த பூச்சு வில்லில் தோற்பதற்கு அதுவே காரணம்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. கைப்பிடிக்கு மேலும் கீழும் இரண்டு கைகள். நாண் மாட்டும் வெட்டு குதை. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. எதைச் சோதிப்பதானாலும் முதலில் நாணை இறக்கிவிடுங்கள்.

தொட்டால் ஒட்டுகிறது

பூசி ஒரு வாரம் ஆகியும் விரல் ரேகை பதிகிறதா? என்ன எண்ணெய் என்று கேளுங்கள். இந்த ஊரில் பத்துக்கு ஐந்து பேர் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். கொப்பரை மணக்கும் காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் எண்ணெயைக் குறை சொல்வது எனக்கே சங்கடம்தான். ஆனால் அது காய்கிற எண்ணெய் அல்ல. எண்ணெய் காய்வது என்றால் தண்ணீர்போல ஆவியாவது அல்ல. காற்றின் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு தனக்குள் பின்னி இறுகிப் படலமாவது. அந்தத் திறனை அயோடின் எண்ணால் அளக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐத் தாண்டுவதே அரிது. விளக்கெண்ணெய் 80களில் நிற்கும், நல்லெண்ணெய் 110-ஐ ஒட்டி. ஏறத்தாழ 130-க்கு மேல் போனால்தான் ஒழுங்காகக் காயும். ஆளி விதை எண்ணெய் 170-ஐத் தாண்டும். அம்மிச்சி காலத்திலிருந்து கதவுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறோமே என்றால், தடவலாம். பளபளப்பு வரும், தூசியும் வந்து ஒட்டும். கதவை யாரும் காது வரை இழுத்து வளைப்பதில்லை.

ஆளி விதை எண்ணெயே பூசியும் ஒட்டுகிறது என்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, உடல்நலத்துக்காகக் குடிக்கிற பச்சை எண்ணெயை வாங்கியிருப்பீர்கள். அதுவும் காயும், ஆனால் வாரக்கணக்கில் பொறுமை கேட்கும். வண்ணக் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டு வாங்குவதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் இறுகும். இன்னொன்று, கனமாகப் பூசியிருப்பீர்கள். மேல்தோல் காய்ந்து காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். உள்ளே கூழாகவே இருக்கும்.

திருத்தம் எளிது. டர்பன்டைன் நனைத்த துணியால் கூழை எல்லாம் துடைத்தெடுங்கள். இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பிறகு எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து, துணியால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே மிஞ்சியிருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைத்த பின் மரம் ஈரமாகத் தெரியக் கூடாது. காயாத எண்ணெய் தடவிய வில்லானால் டர்பன்டைனில் நான்கைந்து முறை துடைத்து, நடுவில் முகப்பவுடரைத் தூவி ஊறவைத்து உதறினால் மேலே இருப்பது பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே ஊறியது வராது. அதன்மேல் வார்னிஷ் பிடிக்காது. நடுவில் அவலரக்கு (ஷெல்லாக்) ஒரு கை, அதாவது ஒரு தடவை, பூசிவிட்டால் பிடிக்கும். லேசான எண்ணெய்ப் பிசுக்கின் மேலும் அவலரக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவது அவலரக்கே என்றால் அது பழைய கரைசல். தட்டுத் தட்டாக இருக்கும் அரக்கு நெடுநாள் தாங்கும். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் மாதங்கள்தான் ஆயுள். பிறகு அது முழுதாக இறுகாது. அதைத் துடைத்தெறிந்துவிட்டு, அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் என்ற கணக்கில் புதிதாகக் கரையுங்கள். கரைத்த தேதியைப் புட்டியில் ஒட்டுங்கள்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கும். காயும்போது வெளிவரும் சூடு சுருட்டலுக்குள் அடைபட்டு ஏறிக்கொண்டே போகும். வைக்கோற்போரும் தென்னை மட்டையும் கிடக்கிற தோட்டத்தில் இது விளையாட்டல்ல. துணியை வேலிக் கம்பியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

பால் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது

அவலரக்கிலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரிலும் மழை நாளில் வருவது. ஸ்பிரிட் அல்லது தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; சோற்றுப் பானை மூடிபோல் அதில் காற்றின் ஈரம் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் அடிக்கும் ஒரு நாள் பார்த்து, ஸ்பிரிட்டைத் துணியில் ஒற்றி, நனைந்தும் நனையாமலும் மேலே ஓட்டினால் அரக்கு மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும். லாக்கருக்கு அதற்குரிய தின்னர்.

ஸ்பிரிட் மருந்துக் கடையில் வாங்கியதா என்றும் பாருங்கள். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். நான் முதன்முதலில் பூசிய அரக்கு அதனால்தான் மோர் தெளித்ததுபோல் ஆனது. மழையை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் மட்டும், அதுவும் குதை அருகில் அல்லது கைப்பிடி ஓரத்தில் வெளுத்திருந்தால் கதை வேறு. அங்கே பூச்சு விட்டுப்போய்த் தண்ணீர் அடியில் புகுந்திருக்கிறது. மேலே ஸ்பிரிட் ஓட்டிப் பயன் இல்லை. சுரண்டி, காயவைத்து, மறுபடி பூச வேண்டும்.

குறுக்கே கோடுகள் தெரிகின்றன

மற்றவற்றில் தவறினால் ஒரு வாரம் வீணாகும். இதில் தவறினால் கண்ணோ பல்லோ போகும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

கோடு பூச்சில் இருக்கிறதா, மரத்தில் இருக்கிறதா? இதைத் தீர்மானிக்கும் வரை வில்லில் நாணேற்றாதீர்கள்.

முழுதாக இழுக்கும்போது வில்லின் முதுகுப் பரப்பு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வரை நீள்கிறது. கேட்பதற்குச் சிறிது, விறைத்த படலத்துக்கு அது பெரிது. மரச்சாமான் கடைகளில் கண்ணாடிபோல் பளபளக்கிற மெலமைன், என்.சி. லாக்கர் இரண்டும் இந்த நீட்டத்தைத் தாங்காமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கனமாகப் பூசினால் இன்னும் சீக்கிரம். ஒரு பயிற்சி மாணவனின் மூங்கில் வில்லுக்கு வீட்டு அலமாரி செய்ய வந்த தச்சரே அன்போடு மெலமைன் அடித்துக் கொடுத்திருந்தார். நாற்பது அம்புகளுக்குள் முதுகு முழுக்கக் காய்ந்த குளத்து மண்போல் ஆகிவிட்டது. பையன் வில் உடையப் போகிறது என்று அழுதுகொண்டு வந்தான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரண்டிவிட்டு வேறு பூசினோம். இரண்டு வருடமாக எய்துகொண்டிருக்கிறான்.

பிரித்தறியும் வழி இது. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சை வில்லின் பரப்போடு படுக்கவைத்துச் சாய்வாக ஒளி அடியுங்கள். பூச்சின் வெடிப்பு வளையும் இடம் முழுக்க, ஏறக்குறைய சம இடைவெளியில், ஒரே ஆழத்தில் பரவியிருக்கும். மரத்தின் முறிவு ஒரு இடத்தில் கூடியிருக்கும். நார்கள் ஓடும் திசையை அது அறுக்கும், அல்லது நாரோடு சாய்ந்து ஓடும். அடுத்து நகம். கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். அவலரக்கு பூசிய வில்லானால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கோட்டின்மேல் தேயுங்கள்: அரக்கு இளகிக் கோடு மறைந்தால் அது பூச்சின் கோடு. பாலியூரிதேன் வார்னிஷ் இதற்கு அசையாது. அங்கே தீப்பெட்டி அளவு இடத்தைச் சுரண்டுத் தகட்டால் மரம் தெரியும் வரை சுரண்டி, டர்பன்டைனால் துடையுங்கள். சுற்றிலும் காய்ந்த பின்னும் ஒரு கோடு மட்டும் கறுத்து ஈரமாக நின்றால் அது மரத்தின் பிளவு. திரவம் உள்ளே போயிருக்கிறது.

முதுகுக்கு இன்னொரு சோதனை: ஒரு பஞ்சு உருண்டையை இரண்டு திசைகளிலும் ஓட்டுங்கள். எங்காவது இழை மாட்டினால் அங்கே சிம்பு எழும்பியிருக்கிறது.

மரத்தில்தான் என்று தெரிந்த பின் எந்தப் பக்கம் என்பது முக்கியம். வயிற்றில் குறுக்கே சுருக்கம்போல் மெல்லிய கோடுகள் என்றால் நார்கள் நசுங்கி மடிந்திருக்கின்றன. அந்த இடத்தில் மட்டும் வில் அளவுக்கு மீறி வளைகிறது என்று பொருள். பக்கத்தில் விறைப்பாக நிற்கும் பகுதிகளைச் சுரண்டி வளைவைப் பகிர்ந்துகொடுத்து, இழுக்கும் தூரத்தையும் குறைத்தால் சுருக்கம் விழுந்த வில்லும் பல நாள் ஓடும். பூச்சு இதை உண்டாக்கவும் இல்லை, குணமாக்கவும் செய்யாது. வெளிரிய கோடாகக் காட்டிக்கொடுத்ததற்கு அதற்கு நன்றி சொல்லலாம்.

முதுகில் நாரோடு சேர்ந்து ஒரு சிறிய சிம்பு எழும்பியிருந்தால், நீர்போல் ஓடும் சூப்பர் குளூவை அடியில் இறக்கி அமுக்கி, காய்ந்த பின் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையால் நனைத்துக் கட்டலாம். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூலுக்குப் பஞ்சமா! பூச்சு அதற்கு மேல்தான். முதுகில் நாரை வெட்டிக் குறுக்கே ஓடும் பிளவு என்றால் அந்த வில் முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவற்றை நடுவில் அறுத்துத்தான் திருப்பிக் கொடுப்பேன். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் குழந்தை எடுத்து இழுக்கும்.

பூச்சில்தான் என்றால் மேலே மேலே பூசி மறைக்க வேண்டாம். வெடித்த படலத்தின்மேல் எதைப் பூசினாலும் அடியிலிருக்கும் வெடிப்பு மேலே ஏறி வரும். முழுக்கச் சுரண்டி, 220 எண் உப்புத்தாளால் நாரோடு தேய்த்து (குறுக்கே ஒரு இழுப்புக்கூட வேண்டாம்), வளையும் பூச்சுக்கு மாறுங்கள். என் பழக்கம்: மெழுகு நீக்கிய அவலரக்கு இரண்டு கை, அதன்மேல் வெளிப்புற மரத்துக்கான எண்ணெய் கலந்த பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கை. தூரிகையால் அல்ல, துணியால் துடைத்தது. ஒவ்வொன்றும் காகிதத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். மெழுகு நீக்காத அரக்கின்மேல் பாலியூரிதேன் சரியாகப் பிடிக்காது. கரைசலைப் புட்டியில் சில நாள் அசையாமல் வைத்தால் மெழுகு அடியில் வெண்மையாகத் தங்கும்; மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுக்கலாம்.

தகடு தகடாக உரிகிறது

அடியில் ஏதோ இருக்கிறது: மெழுகு, காயாத எண்ணெய், கை வியர்வை, சிலிக்கோன் கலந்த பாலிஷ். மெழுகு எப்போதும் கடைசி. முதலில் தேன்மெழுகு தேய்த்துவிட்டுப் பிறகு வார்னிஷ் அடிப்பது, எண்ணெய்த் தலையில் சந்தனம் ஒட்டப் பார்ப்பதுபோல. சத்தியமங்கலம் மலைப்பக்கத்திலிருந்து நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது, வாசனையே தனி. ஆனால் அது வார்னிஷின் காவலுக்குத்தான். தனியாக அதனால் ஈரத்தை நிறுத்த முடியாது.

மூங்கில் வில்லில் உரிந்தால் பெரும்பாலும் தோல்தான் காரணம். மூங்கிலின் வெளித்தோலில் மணற்சத்தும் மெழுகும் உண்டு. பச்சையாக அது தானே ஒரு பூச்சு. எதுவும் அதில் வேர்விடாது. பலர் இதற்காகத் தோலை இழைப்புளியால் சீவிவிடுகிறார்கள். அது பெரிய பிழை. மூங்கிலின் வலுவான நார்கள் வெளிப்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. முதுகில் சீவுவது வில்லின் பலத்தையே சீவுவது. 320 எண் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அவலரக்கைப் பூசினால் போதும். தோல் நல்ல நிலையில் இருந்தால் முதுகுக்குப் பூச்சே தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணுக்களையும் இரண்டு விளிம்புகளையும் வயிற்றையும் விட்டுவிடாதீர்கள். தோல் சீவப்பட்ட அங்கேதான் ஈரம் குடிக்கும்.

மழைக்காலத்தில் கூன் விழுந்துவிட்டது

நாணை இறக்கிய பின்னும் வில் நாண் பக்கமே குனிந்து நிற்கிறது. அம்பு முன்போல் பறக்கவில்லை. எல்லா வில்லும் கொஞ்சம் குனியும். மாசியில் நேராக இருந்தது கார்த்திகையில் இரண்டு விரல் குனிந்திருந்தால், ஈரம் எங்கிருந்து புகுந்தது என்று தேட வேண்டும்.

பரப்பைத் தேடாதீர்கள், ஓரங்களைத் தேடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது நார் அறுபட்ட முனையில்: குதை வெட்டு, கையின் நுனி, அம்பு உரசித் தேய்ந்த இடம். நாண் குதையில் உரசி உரசிப் பூச்சைத் தின்றிருக்கும். அடுத்தது கைப்பிடி. தோல் சுற்றப்போகிறோமே என்று அங்கே பூசாமல் விடுகிறார்கள். உள்ளங்கை வியர்வை தோலுக்கு அடியில் நாள் முழுக்கத் தங்கும். பிடியைப் பிரித்து, பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி சுற்றுங்கள்.

எல்லா இடத்திலும் பூச்சு முழுமையாக இருந்தும் குனிந்தால், பூச்சு வகையைப் பாருங்கள். ஆளி விதை எண்ணெய் தண்ணீர்ச் சொட்டை உருட்டிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தடுப்பதில் அது மிகப் பலவீனம். அவலரக்கும் பாலியூரிதேனும் அதில் பல மடங்கு மேல். காங்கேயத்து வறண்ட காற்றில் எண்ணெய் மட்டும் தேய்த்த வில்லைப் பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்கால் ஓரத் தோப்புக்குக் கொண்டுபோய் ஆறு மாதம் வைத்தவர் ஏமாந்ததில் வியப்பில்லை. அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் ஈரக் காற்றும் சேர்த்தி.

இன்னொரு காரணம், கேட்டால் கோபம் வரும்: மரம் காயாமலேயே பூசியிருப்பீர்கள். பூச்சு உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும்தான் தடுக்கிறது. சமையலறைத் தராசு ஒன்று போதும் இதைத் தவிர்க்க. செதுக்கி முடித்த வில்லை மூன்று நாளைக்கு ஒருமுறை நிறுத்துக் காலண்டரில் எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காய்கிறது. இரண்டு வாரம் எடை மாறாமல் நின்ற பிறகு பூசுங்கள், அதுவும் மாசியிலோ பங்குனி முதல் பாதியிலோ. எங்கள் காட்டுச் சடச்சி மரத்துக்கு நான் ஒரு வருடத்துக்குக் குறையாமல் நிழல் கொடுக்கிறேன்.

குனிந்த வில்லைச் சரிசெய்ய, நாணை இறக்கி, மின்விசிறிக் காற்றில் படுக்கையாக வையுங்கள். எடை பழைய அளவுக்கு இறங்கும்வரை எய்ய வேண்டாம். கொஞ்சம் நிமிரும், முழுதாக நிமிராது. அவசரப்பட்டுத் தகரக் கூரைக்கு அடியில் அட்டாலியில் போட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அந்த அட்டாலி ஒரு சூளை. அங்கே எலும்பாகக் காய்ந்த வில், பூச்சில் ஒரு கீறலும் இல்லாமல், முதல் இழுப்பிலேயே மூன்று துண்டானதை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதும் அதே கதைதான். அப்படி வறண்ட வில்லை ஈரமான காற்றில் ஒரு வாரம் வைத்து எடை ஏறிய பின்னே நாணேற்ற வேண்டும். இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மேலே சொன்ன டார்ச் சோதனைக்குப் போங்கள்.

சொரசொரப்பு, குமிழி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தூசி பறக்காதா? அந்த மாதத்தில் திறந்த திண்ணையில் வார்னிஷ் அடிக்காதீர்கள். படிந்த தூசியை 400 எண் தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு கை பூசினால் சரியாகும். குமிழி வந்தால் மரத்தை வெயிலில் சூடாக்கிப் பூசியிருப்பீர்கள். துளைகளிலிருக்கும் காற்று விரிந்து வெளியே தள்ளுகிறது. நிழலில், மரம் ஆறிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் பூசுங்கள். டப்பாவைக் குலுக்குவதும் குமிழிக்குக் காரணம். கலக்குங்கள், குலுக்காதீர்கள்.

கறுப்புப் புள்ளிகள், மாவு கொட்டுதல்

துடைத்தால் வருகிற கறுப்பு பூஞ்சை. எண்ணெய்ப் பூச்சில் மழைக்காலத்தில் அது மேயும். ஸ்பிரிட்டால் துடைத்துக் காற்றோட்டத்தில் மாட்டுங்கள். துடைத்தும் போகாமல் மரத்துக்குள் மைபோல் இருந்தால் இரும்பு. இரும்புக் கம்பிளியால் தேய்த்தபோது உதிர்ந்த துகள், ஈரம், மரத்தின் துவர்ப்பு மூன்றும் சேர்ந்து மை காய்ச்சியிருக்கின்றன. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அழகுக் குறைதான், பலத்துக்குக் கேடு இல்லை. இனிமேல் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூங்கிலில் குண்டூசித் தலை அளவு ஓட்டை தெரிந்து, தட்டினால் மாவு கொட்டினால், உளுத்துவிட்டது. வண்டு தின்பது மூங்கிலின் மாவுச்சத்தை. பூச்சு இதற்கு மருந்தல்ல. ஓட்டைக்குள் இருக்கும் புழுவை வார்னிஷ் கொல்லாது. வெட்டிய மூங்கிலைக் குளத்திலோ கிணற்றிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கழுவும் பழைய முறைக்குக் காரணம் இதுதான். வில் செதுக்கும் முன் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பதும் நல்லது. பிறகு பூசும் படலம் துளைகளை மூடி, புதிதாக முட்டையிட இடம் இல்லாமல் செய்யும். கைகளில் ஓட்டை விழுந்த வில்லை நான் யாருக்கும் எய்யக் கொடுப்பதில்லை.

பூசிய பிறகு வில் மந்தமாகிவிட்டது

நுனியில் கனம் ஏறியிருக்கிறது. நாணை விட்டதும் வெகுவேகமாக ஓடுவது கைகளின் நுனிதான். அங்கே சேரும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்திலிருந்து கழிகிறது. கைப்பிடியில் அதே கிராம் ஒன்றும் செய்யாது. குதையருகே வழிந்து கட்டிய வார்னிஷை 220 தாளால் இறக்குங்கள். இந்தியன் ரவுண்டு என்ற வில்வித்தைப் போட்டிப் பிரிவில் மூங்கில் வில்லோடு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்கிற பிள்ளைகள் இந்த வேறுபாட்டை என்னைவிட முன்னதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஐம்பது மீட்டரில் அம்பு ஒரு சாண் கீழே குத்தும்.

மறுபடி எப்போது பூசுவது

விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரை நான்கு இடங்களில் வையுங்கள்: இரண்டு குதைகளின் ஓரம், அம்பு உரசும் இடம், கைப்பிடிக்குச் சற்று மேலே. ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மரம் கறுத்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 400 தாள் ஓட்டி ஒரு கை பூசினால் போதும். முழு வில்லையும் சுரண்ட வேண்டியதில்லை. மெழுகு தேய்த்த வில்லானால் அதற்கு முன் டர்பன்டைனால் துடைக்க மறக்காதீர்கள். நான் இதைப் புரட்டாசி முதல் வாரத்தில் செய்கிறேன். அதற்குள் வார்னிஷ் இறுக மூன்று வாரம் கிடைத்துவிடும், பிறகு மழை வரட்டும்.